ஒன்பது வரியும் ஒரு ஸ்கேலும்

"ஏம்மா ஜான்சி, உனக்கு வேற வேலையே கிடையாதா? தண்ணி லாரி வந்துச்சா, கேஸ் தீர்ந்துபோச்சா, மாடிக் குழாய் ஒழுகுதான்னு பாக்கறத விட்டுட்டு, கிழவி லெட்டர் எழுதுன கதையக் கேக்க வந்துட்டே. கைக்குன்னு எங்க ஹைதராபாத் பாஷையில கேக்கறேன், எதுக்கு? தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? உன் போன்ல ஒரு பொத்தான அமுக்கினா நாப்பது அப்பன்மாருக்கும் ஒரே நேரத்துல 'உங்கள் மகள் பாதுகாப்பாக உள்ளார்'னு போய்ச் சேருதே. அப்புறம் ஏன் நாப்பது பேரும் திருப்பிக் கூப்பிட்டு 'நிஜமாவே பாதுகாப்பா இருக்காளா'ன்னு கேக்கறாங்க? போ, போ!"

இப்படித் திட்டித்தான் அனுப்பினேன். ஜான்சி இப்போது எங்கள் லேடீஸ் ஹாஸ்டலின் வார்டன். ஹாஸ்டல் மலருக்கு நான் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்று மறுநாளும் வந்தாள், கையில் உஸ்மானியா பிஸ்கட் டப்பாவோடு. நான் பிஸ்கட்டுக்கு விலைபோகிற ஆள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். எங்கள் சபைக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரில் ஒருத்தர் விலகவேண்டி இருந்தது. அவர் குடும்பஸ்தர், பாவம். நான் விலகிக்கொண்டேன்.

சைனிக்புரியில் ஒரு பெரிய வீட்டை ஹாஸ்டலாக மாற்றியபோது சமையலுக்குச் சேர்ந்தேன். ஊரெல்லாம் சாப்ட்வேர், சாப்ட்வேர் என்று பறந்த நேரம் அது. காலையில் ஏழு மணிக்குக் கண்ணாடி போட்ட கம்பெனி பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். முதல் மூன்று வருடம் வெங்காயம் உரித்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்வார்களே, அது முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

அப்போதைய வார்டன் ஃப்ளோரா மிஸ். அவரும் செகந்திராபாத் தமிழ்தான். ஆனால் படித்ததெல்லாம் இங்கிலீஷும் தெலுங்கும். தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் சமையல்கட்டுச் சுவரில் நான் கரித்துண்டால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்ன, எஸ்தர்?" என்றார்.

"புளி தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரணும்னு எழுதியிருக்கேன் மிஸ்."

"உனக்குத் தமிழ் எழுத வருமா?"

"புளி வரைக்கும் வரும்."

அந்தப் புளிதான் எனக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தது. விஷயம் இதுதான். தமிழ்நாட்டிலிருந்து பதினோரு பெண்கள் எங்கள் ஹாஸ்டலில் இருந்தார்கள். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். ஹாஸ்டலுக்கு இருந்தது ஒரே ஒரு போன். அதிலும் பாதி நாள் கொர்ரென்று சத்தம் மட்டும் வரும். பெண்ணைத் தனியாக அனுப்பிய அப்பா அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: மாதம் ஒரு கடிதம் ஹாஸ்டலிலிருந்து வரவேண்டும். பெண் எழுதுவது கணக்கில்லை, ஹாஸ்டல் எழுதவேண்டும். தெலுங்குப் பெண்கள் வீட்டுக்கு மிஸ் எழுதினார். தமிழ்க் கடிதம் என் தலையில் விழுந்தது.

ஃப்ளோரா மிஸ்ஸின் முறையைச் சொல்லியே ஆகவேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மத்தியானப் பாத்திரம் கழுவி முடித்ததும், விசிட்டர் ஹால் மேஜையில் பதினோரு நீல இன்லண்டு லெட்டர்களை அடுக்குவார். நான் உட்காருவேன். அவர் ஃப்ரிட்ஜிலிருந்து காலண்டர் வரைக்கும், காலண்டரிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடந்துகொண்டே சொல்வார். "ஒன், ஹெல்த். டூ, கான்டக்ட். த்ரீ, அட்டெண்டன்ஸ்." உடம்புக்கு மூன்று வரி, நடத்தைக்கு மூன்று வரி, ஹாஸ்டலுக்குச் சரியான நேரத்துக்குத் திரும்புகிறாளா என்பதற்கு மூன்று வரி. மொத்தம் ஒன்பது. ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அதற்கும் காரணம் இருந்தது. ஒருமுறை ஒரு அப்பாவுக்குப் பதினோரு வரியும் இன்னொரு அப்பாவுக்கு ஏழு வரியும் போய்விட்டது. இரண்டு பேரும் ஈரோடு ஸ்டேஷனில் சந்தித்து, கடிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏழு வரி அப்பா அங்கேயே பூத்துக்குள் போய்ப் போன் செய்து, "எம்பொண்ணு அப்படி என்ன தப்பு பண்ணிப்போட்டா?" என்று அழுதாராம். அன்றிலிருந்து மிஸ் கையில் பித்தளை விளிம்பு வைத்த ஸ்கேல். எழுதி முடித்ததும் படிக்கத் தெரியாத அந்தக் கடிதத்தின் மேல் ஸ்கேலை வைத்து, ஒன்று, இரண்டு என்று வரியை எண்ணுவார். பிறகு என்னைப் படிக்கச் சொல்லி என் முகத்தையே பார்ப்பார். கண்ணைச் சிமிட்டினால் போச்சு.

எனக்குத் தெரிந்த எழுத்துத் தமிழ் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறிவிப்பு வாசிப்பார்களே, அந்தத் தமிழ். "தங்கள் மகள் செல்வி கோகிலா அவர்கள் தேக சுகத்துடன் இருக்கிறார் என்பதைச் சந்தோஷத்துடன் அறிவித்துக்கொள்கிறோம்." பதினோரு வீட்டுக்கும் இதே வரி, பெயர் மட்டும் மாறும். கோகிலாவுக்கு ஜுரம் வந்த மாதத்திலும் சந்தோஷத்துடன்தான் அறிவித்தேன்.

இந்தக் கோகிலா கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். அப்பா ராமசாமி, விவசாயம். ஒரே ஒரு வருடம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஊரில் மாமன் மகன் ரெடியாக இருந்தான். கடிதத்தில் துளி சந்தேகம் வந்தாலும் பெட்டியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவள் அடிக்கடி சமையல்கட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, என் வேலை கம்பெனிக்காரன் கையில இல்லீங்க, உங்க பேனாவுலதான் இருக்குது" என்பாள். நான், "அப்படியா? அப்போ அந்தப் பூண்ட உரி" என்பேன்.

பிறகு ஒரு மாதம் ஃப்ளோரா மிஸ்ஸுக்கு மஞ்சள்காமாலை. உப்பல் ஏரியாவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சனிக்கிழமை வந்தது. இன்லண்டு இருந்தது, நான் இருந்தேன். ஸ்கேல் இல்லை.

கோகிலாவின் அம்மா சரசுவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு என்னவோ, அவர் எதிரில் உட்கார்ந்து அரிசி புடைக்கிற மாதிரி தோன்றியது. பேசுகிற மாதிரியே எழுதிவிட்டேன்:

"சரசாக்காவுக்கு எஸ்தர் எழுதறது. உங்க பொண்ணு நல்லா இருக்கா. நல்லா இருக்கான்னா எப்படின்னு கேப்பீங்க. திங்கக்கிழமை இட்லி ஆறு தின்னா. செவ்வாக்கிழமை உப்புமா போட்டேன், மூஞ்சிய வாடுன கத்திரிக்கா மாதிரி வெச்சுக்கிட்டு ஆபீசுக்குப் போனா. ஆபீஸ் உள்ள ஐஸ் பெட்டி மாதிரி இருக்குமாம், ஸ்வெட்டர் வாங்கியிருக்கா. இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பஸ் ஏறுற பைத்தியங்கள நான் இங்கதான் பாக்கறேன். பதினோரு பேருல உங்க பொண்ணு ஒருத்திதான் தட்டக் கழுவி வெக்கறா, மத்ததுங்க தண்ணி காட்டிட்டு வெக்குதுங்க. வீட்டு ஞாபகம் வந்தா சமையக்கட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கறா. அழுகைய வெங்காயத்து மேல போட்டுடுவா. நானும் கண்டுக்க மாட்டேன்."

ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பத்தாம் நாள் பதில் வந்தது. சரசுவுக்குப் படிக்க வராது. அவர் சொல்ல, ஊர்ப் பால் சொசைட்டிக்காரர் சுப்பிரமணி எழுதியிருந்தார். என் கடிதத்தைச் சொசைட்டியில் வைத்துச் சத்தமாகப் படித்தாராம். பால் ஊற்ற வந்தவர்கள் கேனைக் கையில் பிடித்தபடியே நின்று சிரித்தார்களாம். சரசு மட்டும் வெங்காயம் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத இன்னொருக்காப் படிங்க" என்றாராம். கடைசியில் ஒரு வரி: "அந்தக்காவை இன்னும் எழுதச் சொல்லவும்."

எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

அடுத்த மாதம் மிஸ் திரும்பி வந்தார், ஸ்கேலும் வந்தது. நான் பழக்கதோஷத்தில் மறுபடியும் அப்படியே எழுதிவிட்டிருந்தேன்.

"படி."

கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பழைய ஒன்பது வரியை மனப்பாடமாகச் சொன்னேன். தேக சுகம், சந்தோஷம், திருப்திகரம். கண்ணைச் சிமிட்டவே இல்லை. மிஸ் கடிதத்தை வாங்கி ஸ்கேலை வைத்தார்.

"நீ படிச்சது நைன் லைன். இங்க ஃபோர்ட்டீன் இருக்கு. மீதி அஞ்சு லைன் யாருக்கு?"

"கையெழுத்து கொஞ்சம் பெருசா வந்துடுச்சு மிஸ்."

"அஞ்சு லைனுக்கா?"

"புதுப் பேனா மிஸ்."

"எஸ்தர்."

அந்த 'எஸ்தர்' இருக்கிறதே, அது ஸ்கேலைவிட நீளம். உண்மையைப் படித்தேன். அந்த மாதம் கோகிலா கறிவேப்பிலையை ஒதுக்கி வைத்ததும், நான் அதை எண்ணிப் பார்த்து மறுநாள் அவள் டிபன் பாக்ஸிலேயே போட்டு அனுப்பியதும் இருந்தது. படித்து முடித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், முந்தானையால் துடைத்தார், திரும்பவும் போட்டார்.

"அந்தக் கறிவேப்பிலை லைன இன்னொரு தடவ படி."

படித்தேன். மறுபடியும் கண்ணாடி துடைப்பு.

"ஓகே. இனிமே எல்லாருக்கும் ஃபோர்ட்டீன். ஈக்வலா இருக்கணும். ஒருத்திக்குக் குறைஞ்சா உன்ன விட மாட்டேன்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒன்பது வரி எழுத யாரையும் பார்க்கவேண்டியதில்லை. பதினான்கு வரி எழுதவேண்டுமென்றால் பதினோரு பெண்களையும் மாதம் முழுக்கப் பார்க்கவேண்டும். யார் பஸ்ஸைத் தவறவிட்டாள், யார் ஊரிலிருந்து வந்த முறுக்கைக் கட்டிலுக்கடியில் ஒளித்து எறும்புக்கு விருந்து வைத்தாள், யார் தெலுங்கு பேசப் பழகி ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தாள், எல்லாம் பார்த்தேன். பேனா நின்றுபோனால், அந்தப் பெண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். எழுந்து போய் அவள் ரூம் கதவைத் தட்டி, "ஏய், இந்த மாசம் நீ என்னதான் பண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்து எழுதுவேன்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு கடிதம் திரும்பி வந்தது. இன்னொரு பெண்ணின் அப்பா, தஞ்சாவூர்ப் பக்கத்தில் தமிழ் வாத்தியார். என் கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருந்தார். பேப்பரில் நான் எழுதிய நீலம் கொஞ்சம், அவர் எழுதிய சிவப்பு அதிகம். அம்மை போட்ட மாதிரி இருந்தது. கீழே, "கற்றோர் வாசிக்கத் தகாத நடை" என்று ஒரு முத்திரை வரி.

பார்த்தீர்களா, கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பித்து வந்தால் தமிழ் வாத்தியார் ரயில் தபாலில் துரத்துகிறார்! சிரித்துவிட்டுப் போயிருக்கவேண்டும். ஆனால் சுட்டது. ஐந்தாங்கிளாஸ் என்று யாரோ என் நெற்றியில் எழுதி ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது. சபைச் செயலாளர் வீட்டுக்குப் போய், கடிதம் எழுதக் கற்றுத்தரும் பழைய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அட்டை இல்லை, பாதிப் பக்கம் இல்லை. ஆனால் உள்ளே இருந்த வார்த்தை ஒவ்வொன்றும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றது.

அதே வாரம் கோகிலா விழுந்தாள். பக்கத்து ரூம் பெண் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலி ரோட்டில் கோகிலா அதை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நேராகப் போய் ரிடையர்டு கர்னல் வீட்டு வேலிக்குள். கர்னல் பதறவே இல்லை. கையில் இருந்த இங்கிலீஷ் பேப்பரைச் சுருட்டி, அவள் கையோடு சேர்த்துக் கட்டி, பட்டாளத்தில் தூக்கிக்கொண்டு போவதுபோல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இடது கை எலும்பில் கீறல். மாவுக்கட்டு.

கட்டோடு வந்து சமையல்கட்டில் நின்றாள். "ஆன்ட்டி, கையப் பத்தி மட்டும் எழுதிராதீங்க. எழுதினா அப்பா அடுத்த ரயில்ல வந்துருவாரு. என் வேலை போயிருமுங்க."

எனக்கும் வசதியாகப் போயிற்று. என் பாஷையில் எழுத உட்கார்ந்தால் பேனா நேராக அந்தக் கையில்தான் போய் நின்றது. பொய் சொல்ல அதற்கு வரவில்லை. புத்தகத்தைப் பிரித்தேன். அந்தப் பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு கை என்ன, நாலு கையை ஒளித்து வைக்கலாம்.

"அன்பும் பண்பும் நிறைந்த பெருந்தகையீர், தங்கள் அருந்தவப் புதல்வி கோகிலா இறையருளால் இந்நாள்வரை நலமே உள்ளார். எந்நிலையிலும் தாங்கள் கலக்கம் கொள்ளலாகாது. இவ்வேளையில் தாங்கள் மனத்திடம் கொள்வீர்களாக..."

பதினான்கு வரி. மிஸ் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "ஹவ், ஆமா, கிராண்டா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை விஷயம் அதில் இல்லாததைக் கவனிக்காமலே முத்திரையைக் குத்தினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

அடுத்த வாரம், காலை பதினோரு மணிக்கு ஹாஸ்டல் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். பின்னாலேயே ஒரு அம்மா. அதற்குப் பின்னால் தோளில் துண்டு போட்ட இன்னொருவர். அப்புறம் தேங்காய் மூட்டை ஒன்று, நாட்டுச் சர்க்கரை டின் ஒன்று. ராமசாமி, சரசு, சொசைட்டிக்காரர் சுப்பிரமணி.

"எம்புள்ள எங்கீங்க?" என்று கேட்டபடியே சரசு உள்ளே வந்தார்.

மிஸ் குறுக்கே நின்றார். "ஜென்ட்ஸ் விசிட்டர் பெஞ்சைத் தாண்டக் கூடாது."

"நாங்க ஒக்கார வரலீங்க. கோகிலாவக் கூப்புடுங்க" என்றார் ராமசாமி.

"ஆபீஸ் போயிருக்கா. சாயங்காலம் பஸ்ல வருவா."

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் பெண் காணாமலே போய்விட்டாள். மிஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். அன்றைக்கென்று போன் வேலை செய்தது. எதிர்ப்பக்கம் ஒரு பெண் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு லைனைக் காக்க வைத்துவிட்டாள். டிங் டிங் என்று மியூசிக் வந்தது. ராமசாமி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். கேட்டார். சுப்பிரமணியிடம் கொடுத்தார். அவரும் கேட்டார். சரசுவிடம் போயிற்று. அவர் கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"எம்புள்ள எங்கன்னு கேட்டா பாட்டுப் போடறாங்களே!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ராமசாமி குடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

"ஏனுங்க, இங்க லெட்டர் எழுதற அம்மா யாருங்க?"

"நான்தாங்க."

"நீங்க இல்லீங்க. உப்புமா எழுதுவாங்கல்ல, அவிய."

"அதும் நான்தான்."

"இல்லீங்க" என்றார், மரியாதையாகத்தான்.

சுப்பிரமணி கடிதத்தை விரித்தார். "நாந்தானுங்க சொசைட்டில படிச்சேன். பால் ஊத்த வந்தவிய அத்தன பேரும் நின்னுட்டாங்க. ஒருத்தரும் சிரிக்கலீங்க. 'இந்நாள்வரை'ன்னு போட்டிருக்குது. அப்ப நாளைக்கு? மனத்திடம் கொள்ளுங்கன்னா, எதுக்குக் கொள்ளோணும்? எங்கூர்ல சாவுக்கு வர்ற லெட்டர்லதானுங்க இப்படி எழுதுவாங்க."

அன்றைக்குச் சாயங்காலம்தான் இரவல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மனத்திடம் வந்த பக்கத்தின் மேலே என்ன தலைப்பு என்று அதுவரை பார்க்கவே இல்லை. 'அனுதாபக் கடிதங்கள்.'

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளைக்கும் என்னமோ ஆயிருச்சு, அந்தக்காவுக்கும் என்னமோ ஆயிருச்சுன்னுதானுங்க ஓடியாந்தோம். அந்தக்காவ வேலைய விட்டு நிறுத்திப்போட்டீங்களா?"

என்னைப் பார்த்துக்கொண்டே என்னைத் தேடுகிறார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு தேடியதில்லை. என் வீட்டுக்காரர் உட்பட.

ராமசாமி எழுந்தார். "அவ வந்ததும் பொட்டியக் கட்டிரோணும். இன்னைக்கே கெளம்பறோம். ஒளிச்சு வெக்கற எடத்துல புள்ளைய விடமுடியாதுங்க."

கோகிலாவின் வேலை என் பேனாவில் இருக்கிறது என்று அவள் சும்மாவா சொன்னாள்? கை விஷயத்தை எழுதினாலும் போகும், எழுதாததால் இதோ போகிறது. எப்படியும் போகிறது என்றால் என் பாஷையிலேயே போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் உக்காருங்க. இங்கயே, உங்க எதுத்தாப்புலயே எழுதறேன். இவரு படிக்கட்டும். அதுக்கப்புறம் பொட்டியக் கட்டுங்க, நானே தூக்கிக்கிட்டு வரேன்."

மேஜையில் இன்லண்டை வைத்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தேன். பழக்கம், பாருங்கள். மிஸ் ஸ்கேலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"எத்தன லைன் வேணுமோ எழுது" என்றார்.

எழுதினேன். சுப்பிரமணி வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்து படிக்க அவருக்கு வராது. பால் கேன் கூட்டத்துக்குப் படிக்கிற குரலில் ஆரம்பித்தார்:

"சரசாக்காவுக்கு, எதுத்தாப்புல உக்காந்திருக்கிற எஸ்தர் எழுதறது. இந்த மாச லெட்டர என் கைதான் எழுதுச்சு, நான் எழுதல. உங்க பொண்ணுக்கு இடது கை எலும்புல முடி மாதிரி ஒரு கீறல். மாவுக்கட்டு போட்டிருக்கு. இன்னும் பத்து நாள்ல பிரிச்சுடுவாங்க. எப்படின்னா, ஸ்கூட்டி கத்துக்கப் போனா. ஓட்டத் தெரிஞ்சுது, நிறுத்தத் தெரியல. கர்னல் வீட்டு வேலி நிறுத்துச்சு. வேலிக்குத்தான் அடி அதிகம். அழுதாளான்னு கேப்பீங்க. அழல. 'ஆன்ட்டி, ரோட்டு முனை வரைக்கும் நானே ஓட்டினேன், யாரும் பிடிக்கல'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஒரு நாள் லீவு போடல, ஒத்தக் கையால டைப் அடிக்கறா. சோறு பிசையறது வலது கை, அதுல ஒரு குறையும் இல்ல, நேத்து சாம்பார் மூணு தடவ வாங்கினா. தட்டு மட்டும் இப்போ மத்ததுங்க மாதிரி தண்ணி காட்டிட்டு வெக்கறா, அது ஒண்ணுதான் கெட்டுப்போனது. என்னை எழுத வேணாம்னு அவதான் சொன்னா. நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு பயம். கை வலிக்குதுன்னு அவ ஒரு நாளும் சொல்லல அக்கா. அந்தப் பயத்ததான் தினம் வந்து சொல்றா."

சுப்பிரமணி வேலி வந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசி வரியை மட்டும் உட்கார்ந்து படித்தார். சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

"அந்தக்காவேதான்!" என்றார். "ஏனுங்க, கேட்டீங்களா, இது அந்தக்காவேதான்!"

ராமசாமி தண்ணீர் டம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார். பிறகு, "வேலி பெரிய வேலிங்களா?" என்று கேட்டார்.

சாயங்காலம் பஸ் வந்தது. கோகிலா இறங்கினாள். மாவுக்கட்டு முழுக்க ஆபீஸ் பிள்ளைகள் இங்கிலீஷில் கிறுக்கி வைத்திருந்தார்கள். விசிட்டர் பெஞ்சில் அப்பா, அம்மா, பால் சொசைட்டி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள். மாவுக்கட்டை எங்கே மறைப்பது? முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

ராமசாமி அவளையே பார்த்தார்.

"வண்டிய நிறுத்தக் கத்துக்கிட்டயா, கண்ணு?"

"இன்னும் இல்லீங்கப்பா."

"அதக் கத்துக்காம ஊருக்கு வந்தீன்னா, ஊர்ல இருக்கற வேலியெல்லாம் போயிரும். இருந்து கத்துக்கிட்டு வா."

அவள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அதெல்லாம் அவர்கள் வீட்டில் வழக்கமில்லை போலிருக்கிறது. நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே கிடையாது. நானும் கண்டுகொள்ளவில்லை.

புறப்படும்போது ராமசாமி என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, கை ஒடஞ்சா கை ஒடஞ்சுதுன்னு எழுதிப்போடுங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா அதையும் எழுதுங்க. நலமா இருக்கான்னு மட்டும் எழுதிராதீங்க."

மாமன் மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கோகிலா அங்கேயே வேலையில் மேலே போனாள், ஸ்கூட்டியை நிறுத்தவும் கற்றாள். தமிழ் வாத்தியாரிடமிருந்தும் இன்னொரு கடிதம் வந்தது. அதில் சிவப்பு மை இல்லை. புத்தக நடையில் அந்த மாதம் அவர்கள் வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தைத் தம் மனைவி கேட்க மறுத்துவிட்டதாகவும், பழைய நடையிலேயே தொடரலாம் என்றும் எழுதியிருந்தார். மிஸ் அன்றைக்குப் போட்ட ஸ்கேல் டிராயருக்குள்ளேயே கிடந்தது. வரியை யாரும் எண்ணவில்லை. நான் ரிடையர் ஆகும்வரை எழுதினேன். ஜான்சி, உனக்குப் பதில் கிடைத்துவிட்டதா? பிஸ்கட் தீர்ந்துவிட்டது.

ராமசாமியும் சரசுவும் புறப்படும்போது எனக்கென்று கட்டாயப்படுத்திக் கொடுத்த தேங்காயையும் சர்க்கரை டின்னையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு அன்றைக்கே போவன்பள்ளியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இறங்கினேன். எங்கள் வரிசையில் என் வீடு போக எட்டு வீடு. எட்டு வீட்டுக்காரம்மாக்களும் வெளியே வந்துவிட்டார்கள். யாரம்மா கொடுத்தது, சொந்தக்காரரா, பெண் கேட்டு வந்தார்களா, எதற்காக இவ்வளவு என்று தெலுங்கில் பாதி, ஹிந்தியில் பாதியாகத் துளைத்தார்கள். ஆளுக்கு ஒரு தேங்காய் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எட்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"நான் எழுதுனது நல்லா இல்லன்னு சொல்றதுக்கு மூணு பேரு ஈரோட்டுலேர்ந்து ரயிலேறி வந்தாங்க. உங்கள்ல யாருக்காவது அப்படி வந்திருக்காங்களா?"